போக்ரா போறீங்களா? ஏரிக்கரையில ஆரம்பிச்சு மர்தி ஹிமால் வியூ பாயிண்ட் வரைக்கும், பேக்பேக்கர்களுக்கான முழு வழிகாட்டி

நேபாளம் ட்ரிப் பிளான் பண்றவங்க நிறைய பேர் போக்ராவுக்கு ஒதுக்குறது ரெண்டே நாள் தான். ஒரு நாள் சாரங்கோட்ல சூரிய உதயம், ஒரு நாள் போட்டிங், அப்புறம் பஸ் ஏறி கிளம்பிடுறாங்க. ட்ரெக்கிங் போறவங்களும் அப்படித்தான், ராத்திரி வந்து இறங்கி, காலையில ஜீப் பிடிச்சு மலைக்கு ஓடி, இறங்கின அன்னைக்கே காத்மாண்டு கிளம்பிடுறாங்க. நான் முதல் தடவை போனப்ப இதைத்தான் பண்ணேன், அதோட விலையை மலை மேல கொடுத்தேன், அந்தக் கதை கீழ வருது. ரெண்டாவது தடவை நிதானமா பத்து நாள் இருந்தேன், அப்பத்தான் அந்த ஊர் எப்படிப்பட்டதுன்னே புரிஞ்சுது. அதனால இந்த வழிகாட்டி பத்து நாள் கணக்குல தான்: ஏரிக்கரையில ரெண்டு நாள், மலையில அஞ்சு நாள், திரும்ப வந்து ஏரிக்கரையில ரெண்டு மூணு நாள்.

முதல்ல ஊரைப் பத்தி கொஞ்சம். போக்ரா கடல் மட்டத்துல இருந்து சுமார் 800 மீட்டர் தான், நம்ம ஏற்காட்டை விடவே தாழ்வு. ஆனா அங்க இருந்து வடக்கே 30 கிலோமீட்டருக்குள்ள நிலம் 7500 மீட்டருக்கு மேல ஏறிடுது. உலகத்துல வேற எங்கயும் இவ்வளவு தாழ்வான ஊர்ல வாழை மரத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இவ்வளவு பெரிய பனிமலையை இவ்வளவு கிட்டத்துல பார்க்கிறது ரொம்ப கஷ்டம். ஊரோட முகமா நிக்கிற மலை மச்சாபுச்ரே, 6993 மீட்டர். மச்சம்னா மீன், புச்சம்னா வால், நமக்கு விளக்கவே வேணாம், மீன் வால் மாதிரி ரெண்டா பிளந்த உச்சி. ஊர்ல இருந்து பார்த்தா ஒத்த முனை தான் தெரியும், மலைப்பக்கம் போகப் போக தான் அந்த வால் பிரிஞ்சு தெரிய ஆரம்பிக்கும். அது சிவனுக்குரிய மலைன்னு ஏற அனுமதி கிடையாது. 1957ல ஒரு பிரிட்டிஷ் குழு ஏறி, உச்சிக்கு ஒரு 50 மீட்டர் கீழயே நின்னு திரும்பிட்டாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் பெர்மிட் இல்ல.

அதுக்கு ரெண்டு பக்கமும் நீளமா நிக்கிறது அன்னபூர்ணா வரிசை. அதுல அன்னபூர்ணா 1 (8091 மீட்டர்) தான் மனுஷன் உச்சி தொட்ட முதல் எட்டாயிரம் மீட்டர் மலை, 1950 ஜூன் 3, பிரெஞ்சுக்காரங்க ஹெர்சாக்கும் லாஷ்னாலும் ஏறினாங்க. எவரெஸ்ட்டுக்கு மூணு வருஷம் முன்னாடி.

படி 1: எப்ப போகணும்

அக்டோபர், நவம்பர் தான் ராஜா. மழை கழுவி விட்ட வானம், மலை கண்ணாடி மாதிரி தெரியும், ஆனா கூட்டமும் அப்பத்தான், அதுலயும் தசைன், திஹார் பண்டிகை நாள்ல உள்ளூர்க்காரங்க எல்லாரும் ஊருக்குப் போறதால பஸ் சீட்டு கிடைக்காது. ரெண்டாவது சீசன் மார்ச், ஏப்ரல், அப்ப காட்டுக்குள்ள லாலி குராஸ் பூத்திருக்கும், ரோடோடென்ட்ரான், அதுதான் நேபாளத்தோட தேசியப் பூ. மலைச்சரிவு முழுக்க சிவப்பு. ஆனா ஏப்ரல் போகப் போக காட்டுத்தீ புகையும் தூசியும் சேர்ந்து ஊர்ல இருந்து மலை தெரியாம போற நாள் நிறைய வரும். டிசம்பர், ஜனவரில வானம் சுத்தமா இருக்கும், ராத்திரி மேல குளிர் எலும்பைத் துளைக்கும், பனி விழுந்தா சில பாதை மூடிடுவாங்க.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் போகாதீங்கன்னு தான் சொல்வேன். தெற்கே இருந்து வர்ற மேகம் எல்லாம் இந்த சுவர்ல முட்டி அப்படியே கொட்டிடுது, போக்ரா பக்கத்துல இருக்குற லும்லேங்கிற ஊர்ல வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழை, சென்னைக்கு வருஷம் பூரா பெய்யுறதுல மூணு நாலு மடங்கு. மலைச்சரிவு, ரோடு அடைப்பு, பாதை பூரா அட்டை.

படி 2: பேப்பர், பணம், போன்

இந்தியர்களுக்கு விசா வேணாம். ஆனா பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி ஒரிஜினல் கண்டிப்பா வேணும். ஆதார் செல்லாது, இதை ரெண்டு தடவை படிச்சுக்கோங்க, ஏர்போர்ட்டுக்கு வெறும் ஆதாரோட வந்து திரும்பிப் போனவங்களை நானே பார்த்திருக்கேன். இலங்கை, மலேசியா பாஸ்போர்ட் வெச்சிருக்கிற நம்ம ஆளுங்க விசா விதியைத் தனியா பார்த்துக்கணும்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு ஆறு எடுத்துக்கோங்க, சிம்முக்கும் பெர்மிட்டுக்கும் கேட்பாங்க.

பணம் கணக்கு சுலபம், நம்ம 1 ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், மாறவே மாறாது. கடைக்காரர் ஒரு விலை சொன்னதும் "ஐசியா, என்சியா"ன்னு கேட்கப் பழகுங்க, ஐசின்னா இந்தியன் கரன்சி, என்சின்னா நேபாளி கரன்சி, இதைக் கேட்காம விட்டா 1000க்கு பதிலா 1600 கொடுத்துட்டு வந்துடுவீங்க. 2018 கடைசியில 100க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை அங்க தடை பண்ணாங்க, அந்த விதி அப்பப்ப மாறிட்டே வந்திருக்கு, அதனால 100 ரூபா நோட்டா எடுத்துட்டுப் போனா எந்த வாக்குவாதமும் இல்ல. 2024ல இருந்து நம்ம யுபிஐ அங்க ஃபோன்பே கியூஆர்ல வேலை செய்யுது (இது Fonepay-ங்கிற நேபாள கம்பெனி, நம்ம ஊர் PhonePe வேற). ஏரிக்கரைப் பகுதியான லேக்சைடு கடைகள்ல நல்லா உதவும். ஆனா மலை ஏறுறதுக்கு முன்னாடி முழுசா கேஷ் எடுத்து வெச்சுக்கோங்க, பாதையில ஏடிஎம் கிடையாது.

சிம் வாங்கினா நேபாள் டெலிகாம் வாங்குங்க, ஊருக்குள்ள இன்னொரு கம்பெனி என்செல் வேகம், மேல போனா டெலிகாம் தான் கை கொடுக்கும். கடிகாரத்தை 15 நிமிஷம் முன்னாடி வைக்கணும், நம்மளை விட அவங்க அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா காலை பஸ்ஸைத் தவற விட அது போதும்.

படி 3: போய்ச் சேர்றது

பணம் இருந்தா சென்னையில இருந்து டெல்லி வழியா காத்மாண்டு ஃப்ளைட், அங்க இருந்து போக்ராவுக்கு இன்னொரு 25 நிமிஷ ஃப்ளைட். காத்மாண்டுல இருந்து பஸ்னா 200 கிலோமீட்டர் தான், ஆனா பிருத்வி ஹைவேல எட்டு மணி நேரம், ரோடு வேலை நடந்தா பத்து. டூரிஸ்ட் பஸ் காலைல ஏழு மணி வாக்குல கிளம்பும், வலது பக்க சீட்டு கேட்டு வாங்குங்க, மலை அந்தப் பக்கம் தான்.

பட்ஜெட் வழி தரை வழி. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி, சென்னை வழியா போற ராப்தி சாகர் எக்ஸ்பிரஸ் நேரா கோரக்பூர்ல கொண்டு விடும், ரெண்டு ராத்திரி ட்ரெயின்ல தான், சீட்டை ரொம்ப முன்னாடியே புக் பண்ணிடுங்க. கோரக்பூர் ஸ்டேஷன் வாசல்லயே சுனௌலி பார்டருக்கு பஸ், சுமார் மூணு மணி நேரம். பார்டர்ல நடந்தே கடக்கலாம், ஐடி கேட்டா காட்டுங்க. அந்தப் பக்கம் பைரஹவா. அன்னைக்கே போக்ரா பஸ் ஏறாம பக்கத்துலயே இருக்குற லும்பினில ஒரு ராத்திரி தங்குங்க, புத்தர் பிறந்த இடம், ட்ரெயின்ல நொந்த உடம்புக்கு அந்த அமைதி ரொம்ப தேவை. அடுத்த நாள் காலைல புட்வல், பால்பா, ஸ்யாங்ஜா வழியா சித்தார்த்தா ஹைவே, வளைவு வளைவா எட்டு ஒன்பது மணி நேரம், வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கோங்க. மழைக்காலத்துல புட்வலைத் தாண்டினதும் சித்தபாபா கோயில் பக்கம் கல் உருளும், அந்த மாசங்கள்ல இந்த ரோட்டைத் தவிர்த்துடுங்க. சொல்லப்போனா 1968ல இந்த ரோடு வர்ற வரைக்கும் தரை வழியா போக்ராவுக்கு நடந்து தான் வரணும், கழுதை மேல சரக்கு ஏத்திக்கிட்டு திபெத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவுல போன வியாபாரிங்களோட ஊர் அது. பழைய பஜார்ல இன்னும் அந்தக் காலத்து நேவார் செங்கல் வீடுகள் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

படி 4: முதல் ரெண்டு நாள், ஏரிக்கரை

தங்குறது லேக்சைடு, உள்ளூர் பேர் பைதாம். நடு லேக்சைடுல ஹல்லன் சௌக் சுத்தி ராத்திரி மியூசிக் சத்தம் அதிகம். வடக்கே நடந்து போகப் போக அமைதி, வாடகையும் குறையும், நான் ரெண்டாவது தடவை அங்கதான் தங்கினேன், ஜன்னல் திறந்தா ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஏரி. ஹாஸ்டல் டார்ம்ல படுக்கலாம், ரெண்டு பேரா போனா கெஸ்ட் ஹவுஸ் ரூமே லாபம். ஆன்லைன்ல முதல் ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணுங்க, மீதியை நேர்ல போய் பேசுங்க, சீசன் இல்லாத நாள்ல விலை நல்லா இறங்கும்.

முதல் நாள் காலை எந்திரிச்சதும் பேவா தால் கரைக்குப் போங்க. தால்னா ஏரி. ஆறு மணிக்கு முன்னாடி போகணும், ஏன்னா காத்து எழும்புறதுக்கு முன்னாடி தான் தண்ணி அசையாம கிடக்கும். வெளுக்கிற நேரம், கலர் கலரா பெயிண்ட் அடிச்ச மரப் படகு எல்லாம் கரையில ஒட்டி ஒட்டி நிக்கும், ஒரு பாட்டி நடு ஏரில இருக்குற தால் பராஹி கோயிலுக்கு ஒரு கைல பூவும் ஒரு கைல கோழியும் பிடிச்சுக்கிட்டுப் படகு ஏறுறாங்க, யாரும் பேசல. படகுக்காரர் துடுப்பைப் போட்டதும் தண்ணில இருந்த மலை வளைஞ்சு நெளிஞ்சு உடையும், படகு போனதும் திரும்ப ஒண்ணு சேரும். நான் அங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கெல்லாம் காத்து வந்து எல்லாம் கலைஞ்சுடும். மலையோட நிழல் நல்லா விழுறது தெற்குக் கரையில, அனடு பக்கம் இருந்து பார்த்தா.

அன்னைக்கே அந்த அனடு கரைக்குப் படகுல போய் இறங்கி, காட்டு வழியா ஏறி உலக அமைதி ஸ்தூபிக்குப் போங்க, சுமார் 1100 மீட்டர் உயரம், ஒரு மணி நேர ஏத்தம். இது சுத்திப் பார்க்கிறதுக்கு மட்டும் இல்ல, இதுதான் உங்க முதல் பயிற்சி. ட்ரெக்குக்கு எடுத்துட்டுப் போற அதே ஷூ, அதே பேக், அதே எடை போட்டு ஏறுங்க. ஷூ எங்க கடிக்குது, பேக்கோட எந்த வார் தோளை அறுக்குது எல்லாம் இங்கேயே தெரிஞ்சுடும், சரி பண்ண கீழ கடை இருக்கு. படகுல லைஃப் ஜாக்கெட் போடாம ஏறாதீங்க, நீச்சல் தெரிஞ்சாலும். இறங்கும்போது அந்தப் பக்கமா ரோட்டுக்கு இறங்கினா படாலே சாங்கோ, டேவிஸ் ஃபால்ஸ்னு எல்லாரும் சொல்றது, தண்ணி பாறைக்குள்ள விழுந்து காணாமப் போகும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் குப்தேஷ்வர் குகைக்குள்ள இறங்கினா அதே தண்ணியை அடியில இருந்து பார்க்கலாம். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க, ஒண்ணை மட்டும் பார்த்தா அர்த்தமே இல்ல.

ரெண்டாவது நாள் சாரங்கோட், சுமார் 1600 மீட்டர். விடியறதுக்கு முன்னாடி டாக்ஸில போகலாம், இப்ப ஏரிக்கரை பக்கத்துல சேதியில இருந்து கேபிள் காரும் இருக்கு, ஆனா நான் சொல்றது டாக்ஸில ஏறிட்டு நடந்து இறங்குங்க, முட்டிக்கு இறக்கம் பழகணும். பாராகிளைடிங்கும் இந்த மலைப்பக்கம் தான், பேவா கரையில இறக்கி விடுவாங்க, ஆசை இருந்தா ட்ரெக் முடிஞ்சு வந்து பண்ணுங்க, கால் சுளுக்கினா ட்ரெக் போச்சு. மத்தியானம் இன்டர்நேஷனல் மவுண்டன் மியூசியம், ஏறப்போற மலைகளோட கதை எல்லாம் அங்க இருக்கு.

சாப்பாட்டுக்கு, லேக்சைடு மெயின் ரோட்ல பீட்சா, பர்கர் தான். ரெண்டு சந்து உள்ள போய் தகாலி வீடுன்னு போர்டு போட்ட இடத்துல உட்காருங்க. பித்தளைத் தட்டுல சோறு, கருப்பு உளுந்துப் பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய், ஒரு ஸ்பூன் நெய், கேட்க கேட்க போடுவாங்க, நம்ம வாய்க்கு அப்படியே ஒத்துப் போகும். மெனுல பஃப்னு போட்டிருந்தா எருமைக்கறி, சாப்பிடாதவங்க கவனிச்சுக்கோங்க.

படி 5: பெர்மிட், கைடு, சாமான்

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள்ள எந்த ட்ரெக் போனாலும் ஏகாப் பெர்மிட் வேணும். வெளிநாட்டுக்காரங்களுக்கு 3000 நேபாள ரூபாய், சார்க் நாட்டுக்காரங்களுக்கு 1000, அதாவது நம்ம காசுல 625. டேம்சைடு பக்கம் இருக்குற ஆபீஸ்ல அரை மணி நேர வேலை, ஐடி ஒரிஜினல் காட்டி சார்க் ரேட்னு கேட்டு வாங்குங்க. முதல் தடவை ஒரு ஏஜென்ட்கிட்ட விட்டேன், அவர் வெளிநாட்டு ரேட்டை எங்கிட்ட வாங்கிக்கிட்டு சார்க் பெர்மிட்டைக் கையில கொடுத்தார், மலை மேல செக்போஸ்ட்ல தான் பேப்பரைப் படிச்சே பார்த்தேன். நீங்களே போய் வாங்குங்க.

2023 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டு ட்ரெக்கர்கள் லைசென்ஸ் உள்ள கைடோட தான் போகணும்னு நேபாள டூரிசம் போர்டு விதி. பெர்மிட் வாங்குற கவுண்டர்லயே இதையும் டிம்ஸ் கார்டையும் (ட்ரெக் போறவங்களைப் பதிவு பண்ற கார்டு) கேட்டு முடிச்சுடுங்க. விதிக்காக மட்டும் இல்ல, முதல் தடவை மலைக்குப் போறவங்க கைடு வெச்சுக்கிறது தான் சரின்னு நான் மனசார நம்புறேன், எனக்கு ஒருத்தர் இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் யோசிக்கிறேன். எடுக்கும்போது நேர்ல உட்கார்ந்து டீ குடிச்சுப் பேசுங்க, எத்தனை தடவை அந்தப் பாதை போயிருக்கார், சாப்பாடு தங்குறது யார் செலவு, இன்சூரன்ஸ் இருக்கா, எல்லாம் முன்னாடியே. கைடை விட வயசு கம்மியா இருந்தா "தாய்"னு கூப்பிடுங்க, நேபாளில அண்ணன்னு அர்த்தம், நம்ம காதுக்கு அம்மான்னு கேட்கும், ரெண்டு நாள்ல பழகிடும். அக்காவுக்கு தீதி, தம்பிக்கு பாய்.

சாமானை ஊர்ல இருந்து தூக்கிட்டு வராதீங்க. டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், ட்ரெக்கிங் ஸ்டிக் மூணும் லேக்சைடுல நாள் வாடகைக்குக் கிடைக்கும், டெபாசிட் கொடுத்தா போதும். ஜிப் முழுசா மேல கீழ இழுத்துப் பாருங்க, மேல போய் ஜிப் வேலை செய்யலன்னா ராத்திரி பூரா நடுக்கம் தான். ஷூ மட்டும் சொந்தமா, ஊர்லயே ஒரு மாசம் போட்டுப் பழக்கினதா இருக்கணும். மத்தபடி பேக்ல: சீக்கிரம் காயுற ரெண்டு டிஷர்ட், ஒரு தெர்மல் செட், ஃபிளீஸ், மழைக்கோட், மூணு ஜோடி கம்பளி சாக்ஸ், குல்லா, கிளவுஸ், ஹெட்லேம்ப், சன் கிரீம், கூலிங் கிளாஸ், தண்ணி சுத்தம் பண்ற மாத்திரை இல்ல ஃபில்டர், பவர் பேங்க், பேண்ட் எய்டு, ஓஆர்எஸ். எட்டு கிலோவுக்கு மேல போச்சுன்னா எதையாவது எடுத்து ஹாஸ்டல்ல வெச்சுட்டுப் போங்க. ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது. நம்ம ஆளுங்களுக்குத் தனியா ஒண்ணு: குளிர் பழக்கம் இல்லாதவங்க நாம, கால் சூடா இருந்தா தூக்கம் வரும், படுக்கும்போது தண்ணி பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, சாக்ஸுக்குள்ள போட்டு கால்கிட்ட வெச்சுக்கோங்க.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரைக்கும் செல்லும்னும், ஹெலிகாப்டர் மீட்பு சேர்த்தியான்னும் பாலிசியைத் திறந்து படிங்க. நிறைய சாதா டிராவல் பாலிசில உயரத்துக்கு ஒரு எல்லை போட்டிருப்பாங்க.

படி 6: மர்தி ஹிமால், நாள் நாளா

முதல் இமயமலை ட்ரெக்குக்கு நான் சொல்றது மர்தி ஹிமால். அஞ்சு நாள், போக்ராவுக்குப் பக்கம், மச்சாபுச்ரேவோட காலடிக்கே போய் நிக்கலாம்.

முதல் நாள்: பாக்லுங் பஸ் பார்க்ல இருந்து கான்டேவுக்கு பஸ், இல்ல டாக்ஸி. அங்க இருந்து கல் படி ஏத்தம், ஒண்ணரை மணி நேரத்துல ஆஸ்திரேலியன் கேம்ப், சுமார் 2000 மீட்டர். அப்புறம் போத்தனா, பிடாம் தேவ்ராலி. இங்கேயே நிறுத்துங்க. நிறைய பேர் அன்னைக்கே ஃபாரஸ்ட் கேம்ப் வரைக்கும் போயிடுவாங்க, அவசரம் இல்ல.

ரெண்டாவது நாள்: முழுக்க காடு. பாசி படிஞ்ச மரம், ஈரம், பறவைச் சத்தம், மலையே தெரியாது, சில பேருக்கு போர் அடிக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள் இதுதான். ஃபாரஸ்ட் கேம்ப்ல சாப்பிட்டு, முடிஞ்சா லோ கேம்ப், சுமார் 3000 மீட்டர். முடியலன்னா நடுவுல ரெஸ்ட் கேம்ப்ல படுங்க. பாதையில மணிச் சத்தம் கேட்டா கழுதைக் கூட்டம் வருதுன்னு அர்த்தம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் முதுகுல. உடனே மலைச் சுவர் பக்கம் ஒட்டி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் நிக்கவே கூடாது. மூட்டை இடிச்சா அதுக்குத் தெரியக்கூட தெரியாது, நீங்க கீழ போயிடுவீங்க. என் கைடு தாய் முதல் நாள்ல இருந்து என் பேக்கைப் பிடிச்சு உள்பக்கம் இழுத்துக்கிட்டே இருந்தார்.

மூணாவது நாள்: லோ கேம்ப் தாண்டி மரம் முடியும், பாதல் டாண்டா வரும். பாதல்னா மேகம், டாண்டான்னா மேட்டு முதுகு, பேருக்கேத்த மாதிரி ரெண்டு பக்கமும் மேகம் கீழ கிடக்கும். அங்க இருந்து ஹை கேம்ப், 3500 மீட்டருக்கு மேல. மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடுங்க, ஒரு மணிக்கு மேல பெரும்பாலும் மேகம் மூடிக்கும். ராத்திரி எல்லாரும் டைனிங் ஹால் அடுப்பைச் சுத்தி தான். மேல தால் பாத் (பருப்பும் சோறும்) தான் ஆர்டர் பண்ணணும், காரணம் இருக்கு: அது மட்டும் தான் திரும்பத் திரும்ப போடுவாங்க, சாயங்காலம் புதுசா வெச்சதா இருக்கும், தனித்தனியா நூடுல்ஸ், பாஸ்தான்னு பத்து பேர் பத்து விதமா கேட்டா சமைக்கிற லாட்ஜ் தீதிக்கு எரிபொருளும் வீண், கழுதை முதுகுல ஏறின ஒவ்வொரு சிலிண்டரும் அதுலதான் போகுது. ரூம் வாடகை கம்மியா இருக்கிறதே நீங்க அங்கேயே சாப்பிடுவீங்கன்னு தான், அதனால தங்குற இடத்துலயே சாப்பிடுங்க. சார்ஜிங், வைஃபை, வெந்நீர் குளியலுக்குத் தனி காசு. குளிக்காம இருக்கிறது தான் நல்லது.

நாலாவது நாள்: விடியக்காலை நாலரை மணிக்கு ஹெட்லேம்ப் மாட்டிக்கிட்டு கிளம்பினா வியூ பாயிண்ட், 4200 மீட்டர் கிட்ட. மேல பேஸ் கேம்ப் 4500. பனி இருந்தா, இல்ல மேகம் இருட்டிக்கிட்டு வந்தா வியூ பாயிண்டோட நிறுத்திக்கோங்க. வெளிச்சம் முதல்ல அன்னபூர்ணா சௌத் உச்சில விழும், ஆரஞ்சு கலர்ல ஒரு நகம் அளவுக்கு, அப்புறம் மெதுவா கீழ வழியும். மச்சாபுச்ரே அவ்வளவு பக்கத்துல நிக்கும், பனி எங்க வெடிச்சிருக்குன்னு கோடு கோடா தெரியும். இறங்கி ஹை கேம்ப்ல சாப்பிட்டு, லோ கேம்ப்.

அஞ்சாவது நாள்: லோ கேம்ப்ல இருந்து சித்திங் கிராமத்துக்கு செங்குத்தா இறக்கம், ஸ்டிக் இல்லாம இறங்கினா முட்டி கெஞ்சும். சித்திங்ல இருந்து ஷேர் ஜீப்ல போக்ரா.

படி 7: உயரம், இதைத் தாண்டிப் போயிடாதீங்க

முதல் தடவை நான் பண்ண தப்பு இங்கதான். போக்ராவுல தங்கவே இல்ல, உடம்பு களைப்பா இருந்துச்சு, லீவு வேற கம்மி, அதனால ஃபாரஸ்ட் கேம்ப்ல இருந்து ஒரே நாள்ல ஹை கேம்ப் ஏறிட்டேன். ஒரே நாள்ல ஆயிரம் மீட்டர். சாயங்காலம் தலைவலி, மாத்திரை போட்டேன், கேக்கல. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். வெளிய சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு மறைச்சேன். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு தடவை வாந்தி எடுத்தப்ப தாய் எந்திரிச்சு வந்து முகத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தார், ஷூ கட்டுங்கன்னு ஒரே வார்த்தை தான் சொன்னார். என் பேக்கை அவர் முன்னாடி மாட்டிக்கிட்டு, அவரோடது முதுகுல, இருட்டுல கையைப் பிடிச்சு லோ கேம்ப்புக்கு இறக்கினார். காலையில தலைவலி போயிருந்துச்சு. உச்சி பார்க்கல.

அதனால விதி: 3000 மீட்டருக்கு மேல, தூங்குற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாது. தலைவலியோட குமட்டல், தலைசுத்தல், பசியின்மை எதாவது சேர்ந்தா அது மலைநோய் தான்னு வெச்சுக்கோங்க, அன்னைக்கு மேல ஏறாதீங்க, கூடினா இறங்குங்க. குடிச்சவன் மாதிரி நடை தள்ளாடுச்சுன்னாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குச்சுன்னாலோ ராத்திரி பகல் பார்க்காம உடனே இறக்கணும், அது உயிர் விஷயம். மலைநோய் மாத்திரை டயமாக்ஸ் பத்தி ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்க கண்டிப்பா சொல்லணும். மது வேணாம், தண்ணி மூணு நாலு லிட்டர். பூண்டு சூப் குடிங்கன்னு லாட்ஜ்ல சொல்வாங்க, சூடா நல்லா இருக்கும், ஆனா அதை மருந்துன்னு நம்பி ஏறாதீங்க. நேபாளில ஒரு வார்த்தை பாதை முழுக்க கேட்டுக்கிட்டே இருக்கும், "பிஸ்தாரை பிஸ்தாரை", மெதுவா மெதுவா. சுமை தூக்குற அறுபது வயசு பெரியவர் கூட அதைத்தான் சொல்லிட்டு உங்களைத் தாண்டிப் போவார்.

படி 8: வேற ட்ரெக் வேணும்னா

நேரம் கம்மி, குழந்தைகள் கூட இருக்காங்கன்னா ஆஸ்திரேலியன் கேம்ப், தம்புஸ் ஒரு ராத்திரி போதும். மூணு நாலு நாள்னா பூன் ஹில், 3210 மீட்டர், உல்லேரி ஏத்தத்துல மூவாயிரத்துச் சொச்சம் கல் படி, இப்ப உல்லேரி வரைக்கும் ஜீப் போகுது, இறங்கும்போது காந்த்ருக் குருங் கிராமத்துல கண்டிப்பா ஒரு ராத்திரி தங்குங்க. ஏழெட்டு நாள் இருந்தா அன்னபூர்ணா பேஸ் கேம்ப், 4130 மீட்டர், நாலு பக்கமும் மலைச் சுவர். சோம்ரோங் தாண்டி மேல போனா கறி கொண்டு போகக் கூடாதுங்கிறது அந்த மக்களோட நம்பிக்கை, மதிச்சு நடங்க. பனிக்காலத்துல இந்தப் பாதையில இருக்குற இன்னொரு தேவ்ராலி பக்கம் பனிச்சரிவு அபாயம் நிஜம், 2020 ஜனவரில அங்க கொரியா ட்ரெக்கர்களும் நேபாளிகளும் இறந்து போனாங்க, உள்ளூர்க்காரங்க வேணாம்னு சொன்னா வேணாம். வரும்போது ஜீனு டாண்டா வெந்நீர் ஊத்துல காலை ஊற வைங்க.

படி 9: திரும்பி வந்து

ட்ரெக் முடிச்ச அடுத்த நாள் எதுவும் பிளான் பண்ணாதீங்க. துணியை லாண்டரில போடுங்க, தூங்குங்க, சாயங்காலம் ஏரிக்கரை நடைபாதையில உட்காருங்க. அஞ்சு நாள் நீங்க நடந்த மலை அங்க நிக்கும், ஹை கேம்ப் எந்த மேட்டுல இருந்துச்சுன்னு விரல் வெச்சுக் காட்ட முடியும். முதல் நாள் அதே இடத்துல நின்னப்ப அது வெறும் படம் மாதிரி இருந்துச்சு. அடுத்த நாள் லோக்கல் பஸ் பிடிச்சு பேக்னாஸ் தால், கிழக்கே 15 கிலோமீட்டர், லேக்சைடு மாதிரி கடை கூட்டம் கிடையாது, பொரிச்ச மீன் நல்லா இருக்கும், மேட்டுல ஏறினா பக்கத்துலயே ரூபா தாலும் தெரியும்.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்ற எண்ணம் இருந்தா போக்ராவுல இருந்துதான் முக்திநாத் போறது. திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம் அதுதான், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, லேக்சைடு ஹோட்டல்ல நாமம் போட்ட நம்ம ஊர் பெரியவங்க கூட்டத்தைப் பார்த்தா ஆச்சரியப்படாதீங்க. ஜோம்சோமுக்கு இருபது நிமிஷ ஃப்ளைட், காலைல மட்டும் தான், மத்தியானத்துக்கு மேல காளி கண்டகி பள்ளத்தாக்குல காத்து பயங்கரமா அடிக்கும். கோயில் 3700 மீட்டருக்கு மேல இருக்கு, 108 தாரைல ஐஸ் தண்ணி, படி 7ல சொன்னது வயசானவங்களுக்கு ரெண்டு மடங்கு பொருந்தும், ஜோம்சோம்லயோ மார்பாவுலயோ ஒரு ராத்திரி தங்க வெச்சுட்டு அப்புறம் மேல கூட்டிட்டுப் போங்க.

வாடகைக்கு எடுத்த சாமானைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிக்கோங்க, கைடுக்கு டிப்ஸ் கையில கொடுங்க, காத்மாண்டு பஸ் டிக்கெட்டை முந்தின நாளே எடுத்துடுங்க. இந்தத் தடவை இடது பக்க சீட்டு.